பந்தைத் தொடாத ஆட்டக்காரன்

கேள்வி: எனக்கு வயது 71. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகன் குடும்பத்தோடு அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரில் இருக்கிறான். போன வருடம் நானும் மனைவியும் அங்கே மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தோம். பேரனுக்கு 16 வயது. ஆறாவது முதல் எட்டாவது வரை 'ஜஸ்டிஸ் பேஜ்' என்று ஒரு நீதிபதி பெயரில் இருக்கும் பள்ளியில் படித்தான். இப்போது ஹைஸ்கூல். அங்கே அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிறான். 'டிஃபென்சிவ் டேக்கிள்' என்பது அவன் இடமாம்.

இரண்டு மேட்ச் போய்ப் பார்த்தேன். முன்வரிசையில் ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்கிறான். பந்து அசைந்ததும் எதிரே இருப்பவனோடு முட்டுகிறான், விழுகிறான், எழுகிறான், மறுபடியும் குனிகிறான். இரண்டரை மணி நேரத்தில் பந்தை ஒரு தடவைகூடத் தொடவில்லை. மைக்கில் அவன் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் ஆட்டம் முடிந்து காரில் ஏறும்போது, "தாத்தா, இன்னைக்கு நல்லா ஆடினேன்ல?" என்று கேட்கிறான். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. நான் வாலிபத்தில் ஊர் டீமில் கபடி ஆடியவன், கார்னர். எனக்கே புரியவில்லை.

பெரிய லீக் வரை போவேன் என்கிறான். தலையில் அடிபட்டுவிடும் என்று மருமகள் அழுகிறாள். மகன் வாயைத் திறப்பதில்லை. முட்டுவதையே தொழிலாகக் கொண்ட ஓர் ஆட்டக்காரனுக்கு இதில் என்ன வாழ்வு இருக்கிறது? விவரமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

– வாசகர் ஒருவர், அம்பாசமுத்திரம்

பதில்: பேரன் காரில் ஏறும்போது கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவன் நன்றாக ஆடினானா என்று உங்களுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், நீங்கள் பந்தையே பார்த்துக்கொண்டிருந்ததுதான். நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் பார்த்தேன். பள்ளி அணிகளுக்குப் பல காலம் பயிற்சி கொடுத்த ஒரு முதியவர் பக்கத்தில் உட்கார்ந்து, "பந்தை விடு, நடுவில் இருக்கும் நாலைந்து பேரை மட்டும் பார்" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு இந்த ஆட்டம் திறந்தது.

பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு. தடுக்கும் அணியின் வேலை அதை நடக்க விடாமல் செய்வது. இதில் ஒரு பெரிய ஏற்றத்தாழ்வு இருக்கிறது. பந்து வைத்திருக்கும் 11 பேருக்கும் அடுத்து என்ன நடக்கப் போகிறது என்று தெரியும். கூடிப் பேசி முடிவு செய்துவிட்டுத்தான் வந்து நிற்கிறார்கள். எதிரே நிற்கும் 11 பேருக்குத் தெரியாது. ஓடப் போகிறார்களா, எறியப் போகிறார்களா, இடமா, வலமா, ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் நான்கைந்து விநாடிக்குள் அதைக் கண்டுபிடித்துக் கெடுக்க வேண்டும். இப்படி ஒரு மேட்சில் அறுபது எழுபது தடவை.

கார்னரில் நின்றவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ரைடர் காலை நீட்டிய பிறகு அவன் காலைப் பார்ப்பவனுக்குப் பிடி கிடைக்காது. அவன் இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது, மூச்சு எங்கே உடைகிறது, எந்தக் காலில் கனம் நிற்கிறது என்று முன்னாலேயே படித்துவிட்டுத்தான் கார்னர் கணுக்காலுக்குப் பாய்வார். உங்கள் பேரன் செய்வதும் அந்தப் படிப்பைத்தான். எதிரே குனிந்து நிற்பவனுக்குக் கார்டு என்று பெயர். அவன் தரையில் விரல்களை அழுத்தி ஊன்றியிருந்தால் உடல் கனம் முன்னால் இருக்கிறது என்று பொருள். மோதித் தள்ளி வழி உண்டாக்கப் போகிறான், பந்தைக் கையில் ஏந்தி ஓடப் போகிறார்கள். விரல் தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்து, கனம் குதிகாலுக்குப் போயிருந்தால் அவன் பின்வாங்கப் போகிறான், பந்தை எறியப் போகிறார்கள். சில கார்டுகள் இதை மறைக்கப் பழகியிருப்பார்கள். அப்போது கண், முழங்கால், தோள் என்று வேறு இடங்களில் தேட வேண்டும்.

இன்னொன்று. அவன் இரண்டு பேருக்கு அடியில் விழுந்து கிடந்திருந்தால், அதைப் பார்த்து நீங்கள் மனம் வாடியிருப்பீர்கள். அவன் பயிற்சியாளர் சந்தோஷப்பட்டிருப்பார். டேக்கிளின் இடம் பந்துக்கு மிகப் பக்கத்தில். அவனை அடக்க எதிரணி இரண்டு ஆளைச் செலவழித்தால், பின்னால் நிற்கும் லைன்பேக்கரைத் தடுக்க அவர்களிடம் ஓர் ஆள் குறைகிறது. அந்த லைன்பேக்கர் பாய்ந்து பிடிக்கிறான், மைக்கில் அவன் பெயர் வருகிறது. அந்தப் பிடி அங்கே மண்ணில் கிடக்கும் உங்கள் பேரன் உண்டாக்கியது. பின்னுக்குத் தள்ளப்படாமல், தன் பொறுப்பில் உள்ள இடைவெளியை விட்டுக்கொடுக்காமல், இரண்டு பேரைத் தன்மேல் இழுத்துக்கொண்டு விழுந்தான் என்றால் அவன் நன்றாகவே ஆடியிருக்கிறான்.

இனி உங்கள் பெரிய கேள்வி. இந்த ஆட்டக்காரனுக்கு என்ன வாழ்வு இருக்கிறது?

ஐயா, உங்கள் கடிதத்தில் ஒரு வரியைப் படித்துவிட்டு நான் எழுந்து போய்க் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன். பேரன் படித்த பள்ளிக்குப் பெயர் தந்த அந்த நீதிபதி, ஆலன் பேஜ், ஒரு டிஃபென்சிவ் டேக்கிள். உங்கள் பேரன் கையை ஊன்றி நிற்கிறானே, அதே இடத்தில் 15 பருவம் நின்றவர். அந்த இடத்தில் ஆடியவர்களில் அவருக்கு இணையாக விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே இருப்பார்கள். அவர் கதையைச் சொல்வதே உங்கள் கேள்விக்குச் சரியான பதில் என்று நினைக்கிறேன்.

பிறந்தது 1945இல், ஒஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரில். கறுப்பினக் குடும்பம். பள்ளிகளில் நிறம் பார்த்துப் பிரித்து வைப்பது சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்புச் சொன்னபோது அவருக்கு ஒன்பது வயதுகூட நிறையவில்லை. சட்டத்துக்கு இப்படி ஒரு பலம் உண்டு என்று அந்த வயதில் மனதில் பதிந்தது. வக்கீல் ஆக வேண்டும் என்ற ஆசை ஃபுட்பாலுக்கு முன்பே வந்துவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொழில்முறை ஃபுட்பாலின் புகழ் மண்டபத்தை அதே கேன்டன் நகரில்தான் கட்டினார்கள். 1963இல் திறந்தார்கள். கட்டடம் எழும்பிய நாட்களில் அங்கே கூலி வேலை பார்த்த பையன்களில் பேஜும் ஒருவர். கால் நூற்றாண்டு கழித்து, 1988இல், அதே மண்டபத்துக்குள் அவருடைய மார்பளவுச் சிலையை வைத்தார்கள்.

நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் ஆடி, 1966இல் அந்த அணி தேசிய சாம்பியன் ஆனதில் பங்கு பெற்று, 1967இல் பெரிய லீகின் மினசோட்டா வைக்கிங்ஸ் அணியால், புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டார். அங்கே ஜிம் மார்ஷல், கார்ல் எல்லர், கேரி லார்சன் ஆகியோரோடு நால்வர் வரிசை அமைந்தது. அணியின் ஊதாச் சட்டையை வைத்து 'பர்ப்பிள் பீப்பிள் ஈட்டர்ஸ்' என்று அந்த நால்வருக்குப் பெயர். அப்போது ஒரு பருவத்துக்கு 14 ஆட்டம். 1969இல் 14 ஆட்டத்திலும் சேர்த்து எதிரணிகள் எல்லாம் எடுத்த மொத்தப் புள்ளி 133. 1970இல் 143. 1971இல் 139. ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய பத்துப் புள்ளி. மூன்று வருடம் தொடர்ந்து இந்தக் கணக்கு நின்றது என்றால் அது அதிர்ஷ்டத்தால் வருவதில்லை.

பேஜ் பெரிய உடம்புக்காரர் இல்லை. ஆறடி நாலங்குல உயரம் இருந்தாலும் அந்த இடத்துக்கு ஒல்லி. அவரிடம் இருந்தது முதல் அடி. பந்து அசைந்த கணத்தில், எதிரே இருப்பவன் முதுகை நிமிர்த்துவதற்குள், இவர் அவன் தோளைத் தாண்டியிருப்பார். அவருடைய பழைய ஆட்டப் படங்களை ஓட்டிப் பாருங்கள், எதிரணி என்ன செய்யப் போகிறது என்று யாரோ அவர் காதில் சொல்லிவிட்டது போல இருக்கும். 1971 டிசம்பரில் டெட்ராய்ட் அணிக்கு எதிராக நடுவர் அவர்மீது அடுத்தடுத்துத் தண்டனை விதித்தார். அது நியாயமில்லை என்று அவருக்குக் கோபம். அதன் பிறகு வந்த சில நகர்வுகளில் டெட்ராய்ட் பந்தை எங்கே கொண்டுபோனாலும் அங்கே பேஜ் இருந்தார். கோபம் வந்தால் புத்தி கலங்கும் என்போம். அவருக்கு அன்றைக்கு அது கூர்மையானது.

அந்த வருடம் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை ஏ.பி. செய்தி நிறுவனம் அவருக்குக் கொடுத்தது. அதுவரை டிஃபென்ஸ் ஆடும் ஒருவருக்கு அது போனதே இல்லை. அதன் பிறகும் 1986இல் லாரன்ஸ் டெய்லர் ஒருவருக்குத்தான் போயிருக்கிறது. அரை நூற்றாண்டைத் தாண்டியும் இரண்டே பேர். தடுப்பவனை உலகம் எப்படிப் பார்க்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

பெயர் சொல்லவில்லை என்று வருந்தினீர்கள். பெயர் தப்பாகச் சொல்லப்படுவதும் உண்டு. பேஜுடன் அதே வரிசையில் நின்ற ஜிம் மார்ஷலை எடுத்துக்கொள்ளுங்கள். 282 ஆட்டம், ஒன்றைக்கூடத் தவறவிடாமல் ஆடியவர். ஆனால் அமெரிக்காவில் யாரைக் கேட்டாலும் 1964இல் சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிராக அவர் செய்த தவறைத்தான் சொல்வார்கள். கீழே விழுந்த பந்தை எடுத்துக்கொண்டு 66 கெஜம் ஓடினார், தன் அணியின் எல்லைக்குள்ளேயே. எதிரணிக்கு இரண்டு புள்ளி. அதே ஆட்டத்தில் எதிரியின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டார், எல்லர் அதை எடுத்துப் போய்ப் புள்ளி சேர்த்தார், வைக்கிங்ஸ் 27–22 என்று ஜெயித்தது. இந்தப் பாதி யாருக்கும் நினைவில் இல்லை. மார்ஷல் 2025இல் காலமானார். புகழ் மண்டபத்தின் கதவு அவர் உயிரோடு இருக்கும்வரை திறக்கவில்லை. எனக்கு அது இன்றும் மனக்குறைதான்.

எண்களிலும் பேஜுக்கு நியாயம் கிடைக்கவில்லை. பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். அவர் எறிவதற்குள் அவரைச் சாய்ப்பதற்கு 'சாக்' என்று பெயர். டிஃபென்ஸ் வரிசைக்காரனின் சம்பளத்தை இன்றைக்கு முடிவு செய்வது பெரும்பாலும் அந்த எண்தான். லீக் அதை அதிகாரபூர்வமாகக் கணக்கெடுக்க ஆரம்பித்தது 1982இல். பேஜ் ஓய்வு பெற்றது 1981 பருவத்தோடு. ஆகவே லீகின் ஏட்டில் அவர் பெயருக்கு நேராக ஒரு சாக்கூட இல்லை. பழைய ஆட்டக் குறிப்புகளைத் தோண்டிய ஆராய்ச்சியாளர்கள் அவர் கணக்கை 148.5 என்று எடுத்திருக்கிறார்கள். பாதி எப்படி வந்தது என்று கேட்பீர்கள். இரண்டு பேர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்குப் பாதி.

பேஜ் ஆடிய வைக்கிங்ஸ் நான்கு முறை லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்குப் போனது. நான்கிலும் தோல்வி. மினசோட்டாவில் வயதானவர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசும்போது குரல் இறங்கும்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது களத்துக்கு வெளியே நடந்தது. அணியில் சேர்ந்த தொடக்க காலத்தில் ஒரு சட்டக் கல்லூரியில் சேர்ந்து, சில வாரங்களில் விட்டுவிட்டார். பின்னால் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மறுபடி சேர்ந்தார். அப்போது அவர் லீகின் உச்சத்தில் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், மறுநாள் வகுப்பு. வீங்கின விரலோடு பேனா பிடித்தார். அவருடைய ஒரு கைச் சுண்டுவிரல் மூட்டு விலகி விலகி, கடைசியில் பக்கவாட்டில் மடங்கியே நின்றுவிட்டது. பிற்காலத்தில் மகளோடு சேர்ந்து அந்த விரலை வைத்தே குழந்தைகளுக்கு ஒரு கதைப் புத்தகம் எழுதினார். 1978இல் சட்டப் பட்டம் கிடைத்தது.

அதே 1978இல் வைக்கிங்ஸ் அவரை வெளியே அனுப்பியது. காரணம் ஓட்டம். மனைவி டயான் சிகரெட்டை விடுவதற்காக ஓட ஆரம்பித்தார், துணைக்கு இவரும் ஓடினார், பிறகு இவரால் நிறுத்த முடியவில்லை. நீண்ட தூரம் ஓடுகிறவன் உடம்பில் சதை நிற்காது. 245 பவுண்டு இருந்தவர் 220 பக்கம் வந்துவிட்டார். இந்த எடையில் அந்த இடத்தைத் தாங்க முடியாது என்பது பயிற்சியாளர் பட் கிரான்ட்டின் முடிவு. பருவத்தின் நடுவில் விடுவித்தார்கள். விடுவிக்கப்பட்டவரை எடுத்துக்கொள்ளக் கட்ட வேண்டிய கட்டணம் 100 டாலர். லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரராக இருந்தவரை சிகாகோ பேர்ஸ் அந்த 100 டாலரைக் கட்டி எடுத்துக்கொண்டது. அங்கே மேலும் 58 ஆட்டம் ஆடினார். மொத்தம் 218, ஒன்றும் தவறவில்லை. லீகில் ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒரு முழு மாரத்தானை ஓடி முடித்த முதல் ஆட்டக்காரரும் அவர்தான். அது 1979இல். அந்த நாட்களில் பருவம் முடிந்ததும் மினியாபொலிஸ் திரும்பி வக்கீல் தொழிலும் பார்த்தார்.

அந்த 100 டாலரைப் பேரனுக்குச் சொல்லுங்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்ல வேண்டாம். அணி என்பது எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் அது ஒரு முதலாளி. பேஜுக்கு அது முன்பே தெரிந்திருந்தது. ஆட்டக்காரர் சங்கத்தில் தீவிரமாக இருந்தவர் அவர். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரன் வேறு அணிக்குப் போனால், புது அணி பழைய அணிக்கு என்ன ஈடு தர வேண்டும் என்று லீகின் தலைவரே தீர்மானிப்பார் என்றொரு விதி அப்போது இருந்தது. எவ்வளவு கேட்பார்களோ என்ற பயத்தில் யாரும் யாரையும் எடுக்க மாட்டார்கள். ஆள் ஒரே அணிக்குக் கட்டுப்பட்டுக் கிடப்பான். அதை எதிர்த்து ஜான் மேக்கி முதலானோர் வழக்குப் போட்டார்கள். வழக்குப் போட்டவர்களில் பேஜும் ஒருவர். 1976இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதி சட்டத்துக்கு மாறானது என்று சொன்னது. சட்டம் படித்துக்கொண்டே, களத்தில் முட்டிக்கொண்டே, தன் முதலாளிகளையே நீதிமன்றத்தில் எதிர்த்து நின்ற ஒரு மனிதரை நினைத்துப் பாருங்கள்.

பிறகு மாநில அரசின் உதவி அட்டர்னி ஜெனரல். 1992இல் மினசோட்டா உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்குப் போட்டியிட விரும்பினார். அங்கே அந்தப் பதவிக்கு மக்கள் வாக்களிக்கிறார்கள். ஆனால் இருந்த நீதிபதியின் பதவிக்காலத்தை ஆளுநர் நீட்டித்துவிட்டதால் அந்த இடத்துக்குத் தேர்தலே இல்லாமல் போகும் நிலை. பேஜ் வழக்குப் போட்டார், ஜெயித்தார், பிறகு தேர்தலிலும் ஜெயித்தார். 1993இல் பதவியேற்றபோது அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி அவர். 70 வயது நிறைந்து 2015இல் சட்டப்படி ஓய்வு பெறும்வரை அங்கே இருந்தார். 22 வருடம். ஆடியதைவிட அதிகம்.

புகழ் மண்டபத்தில் சேர்க்கும் விழாவில் ஒவ்வொருவரையும் மேடையில் அறிமுகப்படுத்த ஒருவர் வருவார். வழக்கமாகப் பழைய பயிற்சியாளரை அழைப்பார்கள். பேஜ் அழைத்தது மினியாபொலிஸ் நார்த் ஹைஸ்கூலின் முதல்வர் வில்லரீன் பீஸ்லியை. தன் பேச்சில் ஆட்டத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. பல வருடங்களுக்கு முன்பு அணிக் கூட்டத்தில் நடந்த ஒன்றைச் சொன்னார். ஆட்டத் திட்டப் புத்தகத்தை ஆளுக்குக் கொஞ்சம் உரக்க வாசிக்கச் சொன்னார்களாம். தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, கல்லூரி வரை போய் வந்த, வளர்ந்த ஆண்களில் சிலரால் வாசிக்க முடியவில்லை. அவர்கள் பந்து ஆடத் தெரிந்ததால் ஒவ்வொரு வகுப்பிலும் யாரோ அவர்களைத் தள்ளிவிட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். மண்டபத்தில் சேர்க்கப்பட்ட அதே 1988இல் அவரும் டயானும் சேர்ந்து ஒரு கல்வி அறக்கட்டளை தொடங்கினார்கள். வெள்ளையரல்லாத மாணவர்கள் கல்லூரி படிக்கப் பணம் தருகிறது. வாங்குகிற மாணவருக்கு ஒரு நிபந்தனை உண்டு: தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு நேரம் ஒதுக்கிப் பாடத்தில் துணை நிற்க வேண்டும். ஆயிரக்கணக்கானவர்கள் அப்படிப் படித்து வந்திருக்கிறார்கள். 2018இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் சுதந்திரப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

பள்ளியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பேரனுக்கே முழுவதும் தெரிந்திருக்காது. அந்தப் பள்ளிக்கு முன்பு அலெக்ஸாண்டர் ராம்சி என்ற பழைய ஆளுநரின் பெயர். அந்த மண்ணின் பூர்வகுடிகளான டகோட்டா மக்களை அழிக்க வேண்டும் அல்லது எல்லைக்கு அப்பால் துரத்த வேண்டும் என்று 1862இல் சொன்னவர் அவர். அந்தப் பெயர் வேண்டாம் என்று குரல் எழுப்பியவர்கள் அந்தப் பள்ளியின் மாணவர்களே. 11, 12, 13 வயதுப் பிள்ளைகள். அவர்கள் தேர்ந்தெடுத்த பெயர் பேஜ். 2017இல் மாறியது.

இனிக் கசப்பான பக்கம். உங்களிடம் மறைக்கக் கூடாது.

அமெரிக்காவில் ஹைஸ்கூல் அளவில் இந்த ஆட்டம் ஆடுகிறவர்கள் சுமார் பத்து லட்சம் பேர். பெரிய லீகில் 32 அணி, ஓர் அணிக்கு 53 பேர். பெருக்கினால் 1,696 இடம். அதிலும் பெரும்பகுதி ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கு. உள்ளே போனவர்களும் நிலைப்பதில்லை. சராசரியாக மூன்றரை வருடத்துக்குள் முடிந்துவிடுகிறது என்று ஆட்டக்காரர் சங்கமே சொல்லி வந்திருக்கிறது. ஓய்வூதிய உரிமை கிடைக்கவே மூன்று பருவம் வேண்டும். பத்திரிகையில் கோடிக்கணக்கில் வரும் ஒப்பந்தத் தொகையில் உறுதி செய்யப்பட்ட பங்கு மட்டும்தான் கையில் நிற்கும், மீதி அணி நினைத்தால் போய்விடும். ஒவ்வொரு ஆகஸ்ட் கடைசியிலும் ஓர் அணி 90 பேரிலிருந்து 53 ஆகச் சுருங்கும். நூற்றுக்கணக்கான இளைஞர்கள் ஒரே நாளில் பை கட்டிக்கொண்டு கிளம்புவார்கள்.

தலை விஷயத்தில் உங்கள் மருமகள் சொல்வது சரி. அவள் பயத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மயங்கி விழும் பெரிய அடி மட்டும்தான் ஆபத்து என்று முன்பு நினைத்தார்கள். ஒவ்வொரு நகர்விலும் படும் சின்னச் சின்ன மோதல்கள் வருடக்கணக்கில் சேர்ந்தாலும் மூளை சிதையும் என்று இப்போது தெரிகிறது. முன்வரிசைக்காரனுக்கு அந்தச் சின்ன மோதல்தான் அன்றாடம். பென்னட் ஒமாலு என்ற நைஜீரிய மருத்துவர் 2002இல் மைக் வெப்ஸ்டர் என்ற முன்வரிசை ஆட்டக்காரரின் மூளையை ஆராய்ந்தபோதுதான் அந்த மூளைச் சிதைவு நோய் இந்த ஆட்டத்தில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. சிகாகோவின் டிஃபென்ஸ் ஆட்டக்காரர் டேவ் டுவர்சன் 2011இல் தன் உயிரை முடித்துக்கொண்டபோது, மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுங்கள் என்று எழுதி வைத்திருந்தார். இருபது பருவம் லைன்பேக்கராக ஆடிய ஜூனியர் சியாவும் மறு வருடம் அப்படியே போனார். வயது 43. இருவர் மூளையிலும் அந்த நோய் இருந்தது. உயிரோடு இருக்கும்போது இதை உறுதியாகக் கண்டறிய இன்னும் வழியில்லை. பேஜ் 15 பருவம் ஆடி, பிறகு 22 வருடம் நீதிபதியாகத் தீர்ப்பு எழுதினார் என்பதை வைத்து எல்லாருக்கும் அப்படியே அமையும் என்று நான் சொன்னால் அது பொய்.

ஆகவே என் கருத்து இது. 16 வயதுப் பையனை இப்போது பிடுங்கி வெளியே எடுக்கச் சொல்ல மாட்டேன். அவன் அதில் ஒரு கலையைக் கற்றுக்கொண்டிருக்கிறான். ஆனால் மகன் இனி மௌனமாக இருக்கக் கூடாது. பயிற்சியாளரைப் போய்ப் பார்க்க வேண்டும். வாரத்தில் எத்தனை நாள் முழு மோதல் பயிற்சி, எத்தனை நிமிடம் என்று கேட்க வேண்டும். மேட்சின்போது மட்டுமில்லாமல் பயிற்சி நாட்களிலும் உரிமம் பெற்ற அத்லெட்டிக் டிரெய்னர் களத்தில் இருக்கிறாரா என்று கேட்க வேண்டும். தலையில் அடி என்று சந்தேகம் வந்தால் உடனே களத்தை விட்டு வெளியே வர வேண்டும். மருத்துவத் தகுதி உள்ளவர் அனுமதித்த பிறகே திரும்பலாம். இது அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் சட்டம், பேரன் இருக்கும் மினசோட்டாவிலும். அந்த முடிவு பயிற்சியாளர் கையில் இல்லாமல் மருத்துவர் கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் தெளிவான பதில் வராத பள்ளி அணியில் என் பிள்ளையை நான் விட மாட்டேன். பேரனிடமும் ஒரு வாக்கு வாங்குங்கள்: தலை சுற்றினால், வெளிச்சத்தில் கண் கூசினால், மறைக்காமல் சொல்வேன் என்று. அடியை மறைப்பது அந்த முன்வரிசையில் பழைய நோய். பெரியவர்கள் அதைத்தான் வீரம் என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

பெரிய லீக் பற்றி அவனிடம் வாதாட வேண்டாம். அவன் பள்ளியின் பெயர்ப் பலகையில் இருந்தவர் எந்த வயதில் எதை விரும்பினார், எந்த வருடத்தில் எந்தப் பட்டம் வாங்கினார் என்று அவனையே தேடிப் படித்து உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். தாத்தாவுக்குச் சொல்வதற்காகப் படிக்கும்போது பிள்ளைகள் கவனமாகப் படிப்பார்கள்.

அடுத்த சனிக்கிழமை போனில் கூப்பிடும்போது ஜெயித்தீர்களா என்று கேட்காதீர்கள். எதிரே நின்றவன் எந்தக் கையை ஊன்றினான், விரல் வெளுத்திருந்ததா, அவன் ஏமாற்றப் பார்த்தானா என்று கேளுங்கள். கார்னரில் நின்ற நாட்களில் நீங்கள் எந்த ரைடரை எப்படிப் படித்தீர்கள் என்று சொல்லுங்கள். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் பேசுவான்.